உங்களுக்குத் தெரியுமா? சேர வேண்டியவருக்குச் சேராமல் நமக்கு வந்த கடிதங்கள்

அரசாணைகளும் உடன்படிக்கைகளும் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருப்பதில் வியப்பில்லை. அவற்றைக் காப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருந்தது. ஆனால் வெளியூர் போன கணவனுக்கு மனைவி எழுதியதும், அப்பாவிடம் பிள்ளை கோபித்துக்கொண்டதும், சரக்கு மட்டம் என்று வாடிக்கையாளர் சண்டை பிடித்ததும் எப்படிப் பிழைத்தன? பல கடிதங்கள் யாரும் காப்பாற்ற நினைக்காமலே பிழைத்தன. குப்பையில் விழுந்தும், தீயில் வெந்தும், சேற்றில் புதைந்தும், தபால் மூட்டையிலேயே தங்கிப்போயும் தப்பின. வேறு சில, யாரோ ஒருவர் விடாப்பிடியாகச் சேர்த்துவைத்ததால் தப்பின.

◆ உலகிலேயே மிகவும் பேர்பெற்ற வாடிக்கையாளர் புகாருக்கு வயது சுமார் 3,750. இன்றைய தெற்கு ஈராக்கில் இருந்த ஊர் என்னும் பழைய நகரத்தில் ஏயா-நாசிர் என்ற செம்பு வணிகருக்கு நன்னி என்பவர் களிமண் பலகையில் எழுதியது அது. நல்ல கட்டி தருவதாகச் சொல்லிவிட்டு மட்டமானதை நீட்டினாய். பகை நாட்டைக் கடந்து வந்த என் ஆளை அவமதித்து வெறுங்கையோடு அனுப்பினாய். இனி என் முற்றத்தில் வைத்து ஒவ்வொரு கட்டியாகப் பார்த்துத்தான் எடுப்பேன் என்று பொரிந்து தள்ளுகிறார் நன்னி. அகழாய்வில் அதே வீட்டிலிருந்து வேறு வாடிக்கையாளர்களின் புகார்களும் கிடைத்தன. நன்னியின் பலகை இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுதான். அதன் இருபுறமும் விளிம்பு வரை நெருக்கி எழுதியிருக்கிறார்.

◆ அதற்கும் முந்தைய ஒரு வணிகக் குடியிருப்பின் கடிதப் போக்குவரத்து ஏறக்குறைய முழுதாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது. துருக்கியின் கைசேரி நகரத்துக்கு அருகே குல்டெப்பே என்ற மண்மேடு உண்டு. பழங்காலத்தில் அது கானேஷ். இன்றைய வடக்கு ஈராக்கில் இருந்த அசூர் நகரத்து வணிகர்கள் சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே போய்க் குடியிருந்தார்கள். கழுதைகள் மேல் வெள்ளீயத்தையும் கம்பளித் துணியையும் ஏற்றி, ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நடத்திக்கொண்டு போனார்கள். திரும்பும்போது வெள்ளியும் பொன்னும் வந்தன. இந்த மேட்டில் தோண்டியெடுத்த பலகைகள் சுமார் 23,000. அவற்றில் மிகப் பெரும்பான்மை அரண்மனையுடையது அல்ல, வணிகர்களின் வீடுகளில் இருந்தவை.

அந்தக் கடிதங்களுக்கு உறையும் உண்டு, அதுவும் களிமண்ணில்! எழுதிய பலகையை மெல்லிய களிமண் தகட்டால் மூடி, மேலே முத்திரையை உருட்டி, பெறுநர் பெயரையும் எழுதிவிடுவார்கள். பெறுகிறவர் உறையை உடைத்தால்தான் படிக்க முடியும். உடைக்கப்படாத உறைகளும் கிடைத்திருக்கின்றன.

அசூரில் துணி நெய்தவர்கள் அந்த வணிகர்களின் வீட்டுப் பெண்கள். அவர்கள் எழுதிய கடிதங்கள்தாம் இந்தக் குவியலில் என் மனத்தை அதிகம் கவர்ந்தவை. லமாசி என்ற பெண் கானேஷில் இருந்த கணவர் பூஷு-கேனுக்குத் தொடர்ந்து எழுதினார். எத்தனை துணி யார் வசம் அனுப்பியிருக்கிறேன் என்ற கணக்கு இருக்கிறது. நெய்தது சரியில்லை என்று நீ குறை சொல்கிறாயே என்ற வருத்தமும் இருக்கிறது. நீ போன பிறகு ஷாலிம்-ஆஹும் என்பவர் இரண்டு தடவை வீடு கட்டிவிட்டார், நாம் எப்போது கட்டுவது என்ற கேள்வியும் வருகிறது. பண்டைய உலகத்தின் பொருளாதாரம் என்று வரலாற்று நூல்கள் பேசும்போது அந்த வீட்டுத் தறிகளுக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும் என்று இந்தக் கடிதங்களே கேட்கின்றன.

இவை பிழைத்ததற்கு ஒரு காரணம் களிமண். காகிதத்தையும் ஓலையையும் சாம்பலாக்கும் தீ, களிமண் பலகையைச் சுட்டு இறுக்கிவிடும். கானேஷின் வணிகர் குடியிருப்பு எரிந்துதான் அழிந்தது.

◆ எகிப்தில் ஆக்சிரிங்கஸ் என்ற ஊரின் குப்பைமேட்டை 1896-97இல் கிரென்ஃபெல், ஹன்ட் என்ற இரு ஆங்கில அறிஞர்கள் தோண்டத் தொடங்கினார்கள். மழை அரிதான மண் என்பதால் வீசியெறிந்த பாப்பிரஸ் தாள்கள் மட்காமல் கிடந்தன. அவற்றில் ஒன்று தியோன் என்ற சிறுவன் அப்பாவுக்கு எழுதியது. என்னை விட்டுவிட்டு நீ மட்டும் அலெக்சாந்திரியாவுக்குப் போனாயே, இனி உனக்குக் கடிதம் போட மாட்டேன், பேச மாட்டேன், யாழ் வாங்கி அனுப்பாவிட்டால் சாப்பிடவும் மாட்டேன், தண்ணீரும் குடிக்க மாட்டேன் என்று எழுதுகிறான். எழுத்துப் பிழைகளும் அப்படியே இருக்கின்றன.

◆ வட இங்கிலாந்தில், ஹேட்ரியன் சுவருக்குச் சற்றுத் தெற்கே, விண்டோலாண்டா என்ற ரோமானியக் கோட்டை இருந்தது. 1973இல் அங்கே வடிகால் வெட்டும்போது அஞ்சலட்டை அளவிலான மெல்லிய மரச்சீவல்கள் கிடைத்தன. மை எழுத்து வெளிக்காற்றில் மங்கிப்போக, அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்துத்தான் வாசித்தார்கள். காற்றுப் புகாத ஈரச் சேறு அவற்றை ஏறக்குறைய 1,900 ஆண்டுகள் வைத்திருந்தது.

ஒரு தளபதியின் மனைவி கிளாடியா செவெரா, இன்னொரு தளபதியின் மனைவியான சல்பீசியா லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு அழைக்கிறார். நாள் செப்டம்பர் 11. எழுத்தர் எழுதி முடித்ததும், கடைசி வரிகளைத் தன் கையாலேயே சேர்த்திருக்கிறார். ஒரு பெண்ணின் கையால் லத்தீனில் எழுதப்பட்டு இன்றும் இருப்பவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று அந்தச் சில வரிகள். காலுறையும் செருப்பும் உள்ளாடையும் அனுப்பியதைச் சொல்லும் கடிதம் ஒன்றும் அங்கே கிடைத்தது. ஆக்டேவியஸ் என்பவர், தானியம் வாங்கிவிட்டேன், உடனே குறைந்தது 500 தினாரியஸ் ரொக்கம் அனுப்பு, இல்லையென்றால் கொடுத்த முன்பணமும் போய் மானமும் போகும் என்று கெஞ்சுகிறார். ஒரு ஊரில் தோல் சரக்கு காத்துக் கிடக்கிறது. எடுத்து வராததற்குச் சாலை மோசம் என்று காரணமும் சொல்கிறார்.

◆ சீனாவின் துன்ஹுவாங் அருகே பாழடைந்த ஒரு காவல் கோபுரத்தில் 1907இல் ஆரல் ஸ்டைன் கண்டெடுத்தது, ஊர் சேராத ஒரு தபால் மூட்டை. கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோக்தியர் என்ற மத்திய ஆசிய வணிகச் சமூகத்தார் எழுதிய கடிதங்கள் அவை. பெரும்பாலானவை வணிகம் பற்றியவை: வெள்ளி, மிளகு, கஸ்தூரி, யார் யாருக்கு எவ்வளவு பாக்கி. அவற்றுக்கிடையில் மீவ்னய் என்ற பெண்ணின் குரலும் இருக்கிறது. கணவன் அவளையும் மகளையும் துன்ஹுவாங்கில் விட்டுப் போய்விட்டான். கையில் காசில்லை. ஊர் திரும்ப வழித்துணைக்கு ஒவ்வொருவராகக் கேட்டும் யாரும் கைகொடுக்கவில்லை. உனக்கு வாழ்க்கைப்பட்டதற்கு ஒரு நாய்க்கோ பன்றிக்கோ வாழ்க்கைப்பட்டிருக்கலாம் என்று கணவனுக்கு எழுதுகிறாள். கீழே மகளும் சில வரிகள் சேர்த்திருக்கிறாள். இந்தக் கடிதம் கணவன் கைக்குப் போகவே இல்லை. அவர்கள் பிறகு எப்படியாவது ஊர் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

◆ இறைவன் பெயர் எழுதிய தாளை அழிக்கக் கூடாது என்பது யூதர்களின் வழக்கம். பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் அதற்கென்றே ஓர் அறை இருந்தது. கெனீசா என்பார்கள். மறைநூல் தாள்களோடு ஹீப்ரூ எழுத்தில் எழுதிய எல்லாமே அங்கே போய் விழுந்தன: கடைக் கணக்கு, திருமண ஒப்பந்தம், கடன் பத்திரம், சொந்தக் கடிதம். 1896-97இல் சாலமன் ஷெக்டர் அவற்றில் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அங்கே மட்டும் 1,90,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் உள்ளன.

நம் மேற்குக் கடற்கரையின் வரலாற்றில் ஒரு பகுதி அந்த அறையில் இருந்தது. துனீசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர் 12ஆம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் மங்களூரில் தங்கியிருந்தார். ஆஷு என்ற இந்தியப் பெண்ணை அடிமை நிலையிலிருந்து விடுவித்து அவரோடு குடும்பம் நடத்தினார். ஏடனில் இருந்த கூட்டாளிகளோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்தில் மிளகு, பாக்கு, ஏலக்காய், இரும்பு எல்லாம் வருகின்றன. மங்களூரில் அவருக்கு வெண்கலப் பட்டறை இருந்தது. ஏடனிலிருந்து உடைந்த பாத்திரங்களை அனுப்பி, உருக்கி இன்ன அளவில் இன்ன வடிவத்தில் செய்து அனுப்பு என்று கேட்டிருக்கிறார்கள். பதிலுக்கு அவருக்கு வந்த அன்பளிப்புகளில் சர்க்கரையும் உலர்திராட்சையும் எகிப்தியக் காகிதமும் இருந்தன. அவர் இருந்த ஊரில் காகிதம் எளிதாகக் கிடைக்காது. அதனால் வந்த கடிதங்களின் வெற்றுப் பக்கங்களிலும் ஓரங்களிலும் தன் கணக்கையும் குறிப்பையும் எழுதினார். அப்படி எழுதிய தாள்களைத் தூக்கிப் போடாமல் எகிப்து வரை கொண்டுபோனார். ஒரு வணிகரின் சிக்கனம் நமக்குப் பெரிய கொடை.

அதே அறையிலிருந்து வந்த இன்னொரு கடிதத்தைச் சொல்லாமல் விட முடியாது. மருத்துவரும் தத்துவ அறிஞருமான மைமோனிடிஸுக்கு டேவிட் என்று ஒரு தம்பி. ரத்தின வணிகம் செய்தவர். செங்கடல் துறையான ஐதாபிலிருந்து அண்ணனுக்கு எழுதுகிறார்: பாலைவனத்தில் வணிகக் கூட்டத்தைப் பிரிந்து வந்தும் உயிர் தப்பினேன், இங்கே வாங்க நல்ல சரக்கு ஒன்றுமில்லை, எனவே இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறேன், கவலைப்படாதே. அந்தக் கப்பல் கடலில் மூழ்கியது. செய்தி வந்ததும் ஏறக்குறைய ஓராண்டு படுக்கையில் கிடந்ததாக மைமோனிடிஸ் பின்னாளில் எழுதினார். தம்பி எழுதிய தாள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

◆ ரஷ்யாவின் நோவ்கோரோத் நகரில் பூர்ச்ச மரத்தின் பட்டையில் கீறி எழுதினார்கள். முதல் பட்டை 1951 ஜூலையில் சேற்றிலிருந்து கிடைத்தது. பின்னர் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. அவற்றில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓன்ஃபிம் என்ற சிறுவனின் எழுத்துப் பயிற்சிகளும் உண்டு. பாடத்தின் நடுவே குதிரைவீரன் படம் போட்டு, பக்கத்தில் தன் பெயரையும் எழுதியிருக்கிறான்.

◆ ஒரே வணிகர் விட்டுப்போன கடிதங்கள் சுமார் 1,50,000 என்றால் நம்ப முடிகிறதா? இத்தாலியின் பிராத்தோ நகரத்து ஃபிரான்செஸ்கோ தாத்தினி 1410இல் இறந்தார். துணி, கம்பளி, ஆயுதம், உப்பு என்று எல்லாவற்றிலும் வணிகம் செய்தவர். கிளை அலுவலகங்களில் வந்த ஒரு தாளையும் கிழிக்கக் கூடாது என்பது அவர் கட்டளை. மனைவி வழியில் பிள்ளையில்லாததால் சொத்தை ஏழைகளுக்கான அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார்; கடிதங்கள் அவர் வீட்டிலேயே தங்கின. 1870இல் அவற்றைச் சாக்குகளில், மாடிப்படிக்கு அடியில் கண்டெடுத்தார்கள். 500 கணக்குப் பேரேடுகளும் அவற்றோடு இருந்தன.

அந்தக் குவியலில் கணவன் மனைவி கடிதங்களும் இருக்கின்றன. தாத்தினி பெரும்பாலும் வெளியூரில் இருந்தார். மனைவி மார்கெரித்தா முதலில் பிறரைக் கொண்டு எழுதச் சொன்னார். முப்பது வயதைத் தாண்டிய பிறகு தானே எழுதக் கற்றுக்கொண்டார். வீட்டு நிர்வாகம் பற்றிக் கணவர் கட்டளைமேல் கட்டளை போட, மார்கெரித்தா அதற்குச் சளைக்காமல் பதில் கொடுக்கிறார். அந்தக் கையெழுத்து மெல்ல மெல்லத் தேறுவதைக் கடிதம் கடிதமாகப் பார்க்க முடிகிறது.

◆ தங்கத் தகட்டில் எழுதிய தமிழ்க் கடிதம் ஒன்று டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது. தஞ்சை ரகுநாத நாயக்கர், தரங்கம்பாடியில் டேனியர் வணிகம் தொடங்கிய 1620இல், டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியானுக்கு அனுப்பியது.

◆ நுண்ணோக்கி வழியே நுண்ணுயிர்களைக் கண்ட லேவன்ஹுக், லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய ஒரு கடிதத்தோடு 1674இல் தான் மெலிதாக வெட்டிய தக்கை போன்ற மாதிரிகளைச் சிறு பொட்டலங்களாக இணைத்திருந்தார். 1981இல் பிரையன் ஃபோர்டு என்ற ஆய்வாளர் அந்தக் கடிதத்தைத் தேடிப் பார்த்தபோது பொட்டலங்கள் அப்படியே இருந்தன.

◆ 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கடிதம் பெறுகிறவர்தான் தபால் கூலி கொடுக்க வேண்டும். ஆள் செத்திருந்தால், ஊர் மாறியிருந்தால், வாங்க மறுத்தால், கடிதம் தபால்காரரிடம் தங்கிவிடும். ஹேக் நகரத்தில் தபால் தலைவராக இருந்த சிமோன் தெ பிரியெனும் அவர் மனைவி மரியா ஜெர்மேனும் அப்படித் தங்கியவற்றை ஒரு தோல் பெட்டியில் சேர்த்தார்கள். என்றைக்காவது உரியவர் வந்து கூலி கொடுத்து வாங்கிப் போவார் என்ற நம்பிக்கைதான். 1926இல் ஹேக் அஞ்சல் அருங்காட்சியகத்துக்கு வந்த அந்தப் பெட்டியில் சுமார் 2,600 கடிதங்கள். அவற்றில் 600 இன்னும் பிரிக்கப்படாதவை.

அன்று உறை கிடையாது. தாளையே மடித்து, செருகி, சில சமயம் அதிலிருந்தே ஒரு கீற்றை வெட்டிக் கோத்துப் பூட்டிவிடுவார்கள். பிரித்தால் மடிப்பின் தடயம் கெட்டுவிடும். எனவே பல்லை ஆராய்வதற்கென உருவாக்கிய நுண் எக்ஸ்ரே கருவியில் வைத்து, மையில் உள்ள உலோகத்தின் நிழலைப் பிடித்து, கணினியில் மடிப்பு மடிப்பாக விரித்தார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில் படிக்கப்பட்ட கடிதம் 1697 ஜூலை 31ஆம் தேதியது. உறவினர் ஒருவரின் இறப்புச் சான்றுக்கு நகல் கேட்டு அனுப்பியிருந்தார்கள். கடிதத்தின் மேல் முத்திரைக்கு ஒரு சேதமும் இல்லை.

பெட்டியில் இன்னொன்று. பாரிஸுக்குப் போய்விட்ட ஒரு இசை நாடகப் பாடகிக்காக அவர் தோழி ஹேக்கில் இருந்த செல்வர் ஒருவருக்கு எழுதியது. அவள் திரும்பி வர உங்கள் உதவி வேண்டும், காரணம் உங்களுக்கே புரியும் என்கிறார். பாடகி கருவுற்றிருந்ததையே அப்படிக் குறிப்பால் சொல்கிறார். அந்தச் செல்வர் வாங்க மறுத்துவிட்டார் என்று தபால்காரர் மேலேயே எழுதிவைத்திருக்கிறார். வாங்காமல் விட்டதால்தான் அந்தப் பெண்ணின் நிலைமை இன்று நமக்குத் தெரிகிறது.

◆ போரில் பிடிபட்ட கப்பல்களின் தாள்களை இங்கிலாந்தின் கடற்படை நீதிமன்றம் சேர்த்துவைத்தது. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அப்படிச் சேராமல் போன கடிதங்கள் மட்டும் சுமார் 1,60,000. பிரான்ஸிலிருந்து கியூபெக்குக்குப் போன கலாத்தே என்ற போர்க்கப்பல் 1758இல் பிடிபட்டது. அதன் மாலுமிகளுக்குத் துறைமுகம் துறைமுகமாகத் துரத்திவந்த கடிதங்களும் இங்கிலாந்து போய்ச் சேர்ந்து, நாடாவால் கட்டப்பட்ட மூன்று அடுக்குகளாக ஒரு பெட்டியில் கிடந்தன. வரலாற்றாசிரியர் ரெனோ மோரியே கேட்டுப் பெற்றுத்தான் அவை முதன்முறை பிரிக்கப்பட்டன. ஆய்வு 2023இல் வெளியானது.

61 வயது மார்கரித் என்ற தாய், மாலுமியான மகன் நிக்கோலா கெனெலுக்கு எழுதச் சொன்ன கடிதத்தில், வரப்போகும் பெண்டாட்டிக்குத்தான் எழுதுகிறாய், எனக்கு எழுதுவதில்லை என்று குறைப்படுகிறார். அந்தப் பெண்ணும் தன் பங்குக்கு, உன் அம்மாவுக்கு எழுது, என்மேல் இருக்கும் வருத்தம் தீரட்டும் என்கிறாள். மரி துபோஸ்க், கப்பலின் துணை அதிகாரியான கணவர் லூயிக்கு, இரவு முழுவதும் எழுதிக்கொண்டே இருக்கலாம் போலிருக்கிறது என்று எழுதினார். அவர் சிறைப்பட்டது மரிக்குத் தெரியாது. மறு ஆண்டே மரி இறந்தார். கடிதமும் போகவில்லை, அவரும் அதற்குள் வரவில்லை என்றே தெரிகிறது.

◆ ஆப்பிரிக்காவின் தென்கோடியில் தமிழில் எழுதிய குடும்பக் கடிதங்கள்! கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த நிக்கோலாஸ் ஒண்டாட்ஜேயை டச்சுக்காரர்கள் நன்னம்பிக்கை முனைக்கு நாடு கடத்தினார்கள். 1728 முதல் 1737 வரை இலங்கையிலிருந்து உறவினரும் நண்பர்களும் அவருக்குத் தமிழிலும் டச்சிலும் சிங்களத்திலும் எழுதியவை கேப் டவுனில் பாதுகாக்கப்படுகின்றன. டச்சு அறிஞர் ஹெர்மன் டீக்கன் அவற்றை 2015இல் நூலாகப் பதிப்பித்தார். 18ஆம் நூற்றாண்டுத் தமிழர் வீட்டுப் பேச்சுக்கு இவ்வளவு நெருங்கிய எழுத்து நமக்கு அரிதாகவே கிடைக்கிறது. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பலரும் கேள்விப்படாத நூல் அது என்பது என் ஆதங்கம்.

◆ வந்த கடிதம் சரி, அனுப்பிய கடிதம் அலுவலகத்தில் எப்படித் தங்கியது? நீராவி இயந்திரத்துக்குப் பேர்போன ஜேம்ஸ் வாட் 1780இல் பெற்ற காப்புரிமைதான் ஒரு விடை. மை காயாத கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்த வேண்டும். எழுத்து அதில் இடவலம் மாறிப் பதியும். தாள் மெலிதென்பதால் மறுபக்கமாகப் பார்த்தால் நேராகப் படிக்கலாம். தட்டச்சும் கார்பன் தாளும் வரும்வரை வணிக நிறுவனங்கள் இப்படித்தான் நகல் வைத்தன.

◆ கணித மேதை ராமானுஜன் 1913 ஜனவரி 16இல் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் வைத்திருக்கிறது. சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளத்தில் எழுத்தர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். அதோடு சென்ற தேற்றங்களில் சில பக்கங்கள் தொலைந்துவிட்டன. உலகமே கொண்டாடும் கடிதத்துக்கே அந்தக் கதி.

◆ சிறையிலிருந்து வெளிவந்து சென்னையில் வறுமையில் வாடிய வ.உ.சி.க்காகத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டினார்கள். அந்தத் தொகை குறித்து 1915-16இல் அவருக்கும் காந்திக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து கிடைத்திருக்கிறது. ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதிய நூலின் தலைப்பிலேயே தொகை இருக்கிறது: 347 ரூபாய் 12 அணா.

◆ உ.வே. சாமிநாதையர் ஏட்டுச்சுவடிகளைப் போலவே தனக்கு வந்த கடிதங்களையும் சேர்த்துவைத்தார். யாழ்ப்பாணத்துச் சி.வை. தாமோதரம்பிள்ளை எழுதியதும், பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன் தமிழிலேயே எழுதியதும் நமக்குத் தெரிவது அதனால்தான். 1877 முதல் 1900 வரை வந்தவை மட்டும் ஒரு பெருந்தொகுதியாக அச்சில் வந்துள்ளன. எந்த ஊரில் எந்த ஏடு இருந்தது, யார் கொடுத்தார், யார் இழுத்தடித்தார் என்று பதிப்பு வரலாற்றின் உள்விவரம் முழுக்க அந்தக் கடிதங்களில் இருக்கிறது.

◆ உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா காலத்து அஞ்சலட்டைகளோ நீலநிற இன்லண்ட் லெட்டர்களோ இருந்தால் லேமினேட் செய்யாதீர்கள். சூடும் பிசினும் தாளோடு ஒட்டிப்போகும், பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் வேண்டாம். குண்டூசியும் ஸ்டேப்பிள் கம்பியும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும், மெதுவாக எடுத்துவிடுங்கள். வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் மடிப்பைப் பிரித்துத் தட்டையாக வையுங்கள். கடிதத்தின் மேல் பேனாவால் எதுவும் எழுதாதீர்கள். யார் யாருக்கு, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு என்ற விவரத்தைத் தனித் தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். 'அன்புள்ள அத்தானுக்கு' என்று மட்டும் தொடங்கும் கடிதத்தில் அந்த அத்தான் யார் என்று சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் இருந்தால், இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.